நிதானம் அக்காவின் மூன்றாவது புகார்

லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவில் ஒட்டியிருந்த அறிவிப்புக் காகிதம் மஞ்சள் பூத்து ஓரம் சுருண்டிருந்ததைப் பார்த்தபோது, வேலை செய்யாமல் இருப்பதையே லிஃப்ட் பல வருடங்களாக ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தது தெரிந்தது.

ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு வந்த அவளிடம் மூன்று சுமைகள் இருந்தன. ஒன்று, ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் கேஸை உறிஞ்சி எடுக்கிற ரெக்கவரி மெஷின். இரண்டு, உறிஞ்சிய கேஸை அடைத்து வைக்கிற சிலிண்டர். மூன்று, பம்ப், தராசு, புதுக் கேஸ் டப்பா, ஸ்பேனர் எல்லாம் திணித்த டூல் பை. பையைத் தோளில் மாட்டினால் ஆள் ஒரு கேள்விக்குறி மாதிரி வளைந்துவிடுவாள்.

மூன்றையும் ஒன்றாகத் தூக்க முடியாது. சிலிண்டரை ஆளில்லாத இடத்தில் விட்டுவிட்டுப் போகவும் கூடாது. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், உருட்டக் கூடாது, கண்ணில் படுகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆகவே படிக்கட்டின் ஒரு திருப்பம் வரை மெஷின், அப்புறம் இறங்கி வந்து சிலிண்டர், மறுபடியும் இறங்கி வந்து பை என்று தவணை முறையில் ஏறினாள். பாதி வழியில் பையைக் காணோமென்று மேலே ஓடிப் பார்த்துவிட்டு, அது கீழே இருப்பதைக் கண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

மற்ற மெக்கானிக்குகளாக இருந்தால் சிலிண்டரைக் கொண்டே வந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் ஆபீசில் அவளுக்கு ‘நிதானம்’ என்று பெயர். பெரியவர்கள் ‘ஏம்மா நிதானம்’ என்பார்கள், சின்னவர்கள் ‘நிதானம் அக்கா’ என்பார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றவர்கள் ஒரு நாளில் ஆறு வீடு முடிப்பார்கள், அவள் இரண்டு. அவர்கள் குழாயைத் திறந்து பழைய கேஸைப் புஸ்ஸென்று வெளியே விட்டுவிட்டு, புதிதாக அடைத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். அவளோ உள்ளே இருப்பதை ஒரு கிராம் விடாமல் சிலிண்டரில் பிடித்து, எடை போட்டு, நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்த ஸ்பேனரைத் தொடுவாள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஆபீஸ் சுவரிலேயே படம் போட்டு மாட்டியிருந்தது. அந்தப் படத்தைப் படித்த ஒரே ஆள் நிதானம்தான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிப்பு போதாதென்று, மெதுவாக வேலை செய்கிறார் என்று இந்த மாதத்தில் இரண்டு புகார்கள் வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் டூல் பையை வாங்கிக்கொண்டு, போன் எடுக்கிற மேஜையில் உட்கார வைத்துவிடுவதாக அன்று காலையில்தான் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதை ஒரு சலுகை போலவே சொன்னார். ஃபேன் உண்டு, நாற்காலி உண்டு என்றார். அவளுக்கோ போனை எடுத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தில் யாரும் பேச மாட்டார்கள் என்பதற்காகத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள்.

கையிலிருந்த சீட்டில் ‘மூன்றாவது மாடி, இடது பக்க வீடு, ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை’ என்று இருந்தது. அதற்கு மேல் பெயரோ போன் நம்பரோ கிடையாது. வாடிக்கையாளர்களோடு எந்தப் பேச்சும் ஆபீஸ் வழியாகத்தான்.

மூன்று மாடி என்று மனக்கணக்குப் போட்டு, கடைசிச் சுமையை இறக்கி வைத்துவிட்டு அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே இடது பக்கக் கதவு திறந்தது. வீட்டுக்காரம்மா ஒருத்தி குப்பைக் கூடையோடு நின்றாள்.

“ஃப்ரிட்ஜ் குளிரலைன்னு...” என்று இவள் ஆரம்பித்தாள். முடிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

“வாங்க, வாங்க” என்று கூடையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள் வீட்டுக்காரம்மா. “ஏங்க, ஃப்ரிட்ஜுக்கு ஆள் வந்திருக்காங்க. ஒரு மாசமா கத்திக்கிட்டு இருந்தேன், பரவாயில்லையே, காரியத்தை முடிச்சிட்டீங்களே.”

வீட்டுக்காரர் பனியனோடு கூடத்துக்கு வந்தார். மனைவியைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். பிறகு மேடையில் மாலை வாங்கிக்கொள்கிறவர் போல லேசாகக் குனிந்து, “சொன்னா செய்வேன்ல” என்றார்.

ஜன்னலோர நாற்காலியில் வீட்டுக்காரரின் அப்பா உட்கார்ந்திருந்தார். வந்தவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைத் திருகிச் சரிசெய்துகொண்டார். போன தடவை வந்த மெக்கானிக் பதினோரு நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனான் என்று தெரிவித்தார். பதினோரு நிமிடம் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

தன் மூன்றாவது புகார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்து, முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து உள்ளே என்ன கேஸ் என்று குறித்துக்கொண்டாள். கம்ப்ரஸர் பக்கத்தில் பழைய மெக்கானிக் வைத்துவிட்டுப் போன வால்வு ஒன்று மூடியில்லாமல் நின்றது. சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தாள். சிறு பிள்ளை எச்சில் ஊதுவது போல முட்டை முட்டையாக வந்தது. கேஸ் அதன் வழியாகத்தான் மாதக்கணக்கில் நழுவிக்கொண்டிருக்கிறது.

கொஞ்சம் கேஸை மேலே அடைத்துவிட்டால் போதாதா, போன தடவை அப்படித்தானே செய்தார்கள் என்று கேட்டாள் வீட்டுக்காரம்மா. ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற கதையாகிவிடும் என்று இவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மிச்சமிருக்கிற கேஸை முதலில் வெளியே எடுக்க வேண்டும், பிறகு வால்வை மாற்ற வேண்டும், கசிகிறதா என்று பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் நிரப்ப வேண்டும். அதற்கு முன்னால் அடுப்பை அணைக்க வேண்டும், எல்லா ஜன்னலையும் வாசல் கதவையும் திறந்து வைக்க வேண்டும்.

“அடுப்புல பால் இருக்கே” என்றாள் வீட்டுக்காரம்மா.

“இந்த கேஸ் தீப்பிடிக்காதுங்க. ஆனா நெருப்புல பட்டா விஷப் புகையாயிடும்.”

பால் பாதிக் கொதியில் நின்றது. திறந்த ஜன்னல்கள் வழியாகக் காற்று வந்து நாள்காட்டியைப் படபடவென்று அடித்தது. ஃப்ரிட்ஜில் இருந்த பாத்திரங்களெல்லாம் சாப்பாட்டு மேஜைக்கு வந்து, விசாரணைக்கு வந்த சாட்சிகள் போல வரிசையாக நின்றன. வீட்டுக்காரம்மா போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள்.

இவள் கையுறையையும் கண்ணாடியையும் மாட்டி முடிப்பதற்குள் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சூப்பர்வைசர்.

“ஏம்மா நிதானம், கஸ்டமர் இப்பதான் கூப்பிட்டாங்க. இன்னும் வேலையே ஆரம்பிக்கலையாம்.”

“சார், ஆரம்பிச்சிட்டேன் சார்.”

“அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவங்களுக்குத் தெரியற மாதிரி செய்.”

படுக்கையறைக் கதவு திறந்து வீட்டுக்காரம்மா புன்னகையோடு வந்தாள். முகத்துக்கு நேரே ‘வாங்க, வாங்க’ என்பதும், கதவுக்குப் பின்னால் போன் பண்ணுவதும் ஒரே வாய்தான் என்று இவளுக்குப் பெரும் வியப்பாக இருந்தது. இருந்தாலும் சூப்பர்வைசர் சொன்னபடியே, தெரிகிற மாதிரி செய்யத் தீர்மானித்தாள். நாக்கை மேலண்ணத்திலிருந்து உரித்தெடுத்து, செய்யப்போகிற ஒவ்வொன்றையும் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள். இது குழாய், இது கேஜ், முள் இங்கே வந்தால் இவ்வளவு அழுத்தம். வெறும் கையில் கேஸ் பட்டால் தோல் உறைந்து புண்ணாகிவிடும், அதனால் கையுறை.

வீட்டுக்காரம்மாவுக்கு இந்தப் பாடம் மிகவும் பிடித்துப்போனது. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் இருந்தது, ஒவ்வொரு பதிலுக்குள்ளும் இரண்டு கேள்விகள் இருந்தன. இருபது நிமிடம் போனது. கடைசியில், ஃப்ரிட்ஜின் முதுகு இவ்வளவு அழுக்காக இருப்பதை இன்றுதான் பார்ப்பதாகவும், இவ்வளவு நல்ல வேலை நடக்கிற இடம் இப்படியிருக்கக் கூடாதென்றும் சொல்லி, தடுப்பதற்குள் ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாக வந்து துடைத்துவிட்டாள். தரை முழுக்க ஈரம். ஈரத்தில் மெஷினுக்குக் கரண்ட் கொடுக்க முடியாது. இரண்டு பேருமாகப் பழைய செய்தித்தாளை விரித்து விசிறினார்கள்.

போன் மறுபடியும் அதிர்ந்தது. இந்தத் தடவை சூப்பர்வைசரின் குரலில் ஒரு பல்கடிப்பு இருந்தது. இதுவரைக்கும் ஒரு ஆள்கூட எட்டிப் பார்க்கவில்லையாம் என்றார்.

வீட்டுக்காரம்மா செய்தித்தாளும் கையுமாக எதிரிலேயே இருந்தாள். ஆகவே அவள் இல்லை. இவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். ஜன்னலோரத்தில் பெரியவர் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்க்கவில்லை என்றால் அது அவராகத்தான் இருக்க வேண்டும். வந்ததிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வயதானவர்களுக்கு அது பெரிய குறை.

“ஐயா, எனக்கு ஒரு உதவி பண்ண முடியுங்களா?” என்று அவர் முன்னால் போய் நின்றாள்.

பெரியவரை யாரும் எந்த உதவியும் கேட்டுப் பல காலமாகியிருக்க வேண்டும். வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். அவரைத் தராசின் பக்கத்தில் உட்கார வைத்து, தராசின் மேல் சிலிண்டரை வைத்து, உள்ளே கேஸ் வர வர எடை ஏறும், ஏறுவதைச் சொல்லிக்கொண்டே வாருங்கள் என்றாள். சிலிண்டரில் ஏற்கெனவே முக்கால் பாகம் இருந்தது. எண்பது சதவிகிதத்துக்கு மேல் அடைக்கவே கூடாது, வெயில் பட்டால் உள்ளே இருப்பது விரிவதற்கு இடம் வேண்டும் என்பதையும் சொல்லி வைத்தாள்.

மெஷின் உறுமியது. கட்டடமே லேசாக அதிர்ந்தது. பெரியவர் ரயில் நிலைய அறிவிப்பாளர் குரலில் ஆரம்பித்தார்.

“பத்து கிராம். பதினஞ்சு. இருபது. இருபதுலயே நிக்குது. இருபத்தஞ்சு.”

இவள் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டாள். எல்லாம் அதனதன் இடத்தில் நடந்தது. குழாய் சில்லிட்டு வியர்த்தது, கேஜின் முள் இறங்கியது.

“முப்பது. முப்பத்தஞ்சு. மூணு கிலோ நானூறு.”

அவள் பாய்ந்து சிலிண்டர் வால்வை மூடினாள். போக வழியில்லாமல் மெஷினுக்குள் அழுத்தம் ஏறி, அது இருமல் வந்த மாதிரி இரண்டு தடவை குலுங்கித் தானாக நின்றுவிட்டது. மூன்று கிலோ கேஸ் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில் எங்கிருந்து வரும் என்று குனிந்து பார்த்தாள். பேரப்பிள்ளையின் தலையில் வைக்கிற மாதிரி, பெரியவர் தன் வலது கையைச் சிலிண்டரின் மேல் வாத்சல்யமாக வைத்திருந்தார்.

“சும்மா பிடிச்சுக்கிட்டேம்மா, ஆடுதேன்னு” என்றார்.

மெஷின் ஆறக் கால் மணி நேரம் ஆனது. குழாய்களை மறுபடியும் சரிபார்த்து, மறுபடியும் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பெரியவரின் இரண்டு கைகளையும் அவர் மடியிலேயே வைத்துக்கொள்ளும்படி கெஞ்சிக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

மூன்றாவது அழைப்பு வந்தது. இரண்டரை மணி நேரமாகக் காத்திருக்கிறார்களாம், ஒன்றுமே நடக்கவில்லையாம். இவள் பெரியவரைப் பார்த்தாள். அவர் மடியில் கையை வைத்துக்கொண்டு கிராம் எண்ணிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா ஸ்டூலில் இருந்தாள். மிச்சம் ஒரே ஒரு ஆள்.

துடைத்து முடித்த வாளியைக் கொண்டுபோய் வைப்பது போலக் குளியலறைப் பக்கம் நடந்தாள். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரரின் அடங்கிய குரல் கேட்டது.

“ஆமா சார், காலையில இருந்து அப்படியே கிடக்கு. எத்தனை தடவைதான் சொல்றது? ஒருத்தரும் வந்து கை வைக்கல. இதுக்கு ஒரு முடிவு கட்டுங்க சார்.”

கதவு திறந்தது. மெக்கானிக் வாளியோடு எதிரில் நிற்பதைக் கண்டு அவர் திடுக்கிட்டார். “ஆபீஸ்ல பிரிண்டர் ரிப்பேர்” என்று போனைக் காட்டினார். எவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது இந்த மனிதருக்கு என்று இவள் மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

ஆளைக் கண்டுபிடித்தாகிவிட்டது. இனி அவர் மனம் குளிர வேண்டுமென்றால் வேகம் ஒன்றுதான் வழி. வாழ்க்கையில் முதன்முறையாக நிதானத்தை விட்டாள். ரெக்கவரி மெஷின் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த வேலைக்கான பம்பையும் சூடேற்றி வைத்துவிடலாமென்று அதே பிளக்கில் செருகி சுவிட்சைத் தட்டினாள்.

பட்டென்று ஒரு சத்தம். மெஷின் நின்றது. ஃபேன் நின்றது. கூடத்தில் வீட்டுக்காரர் அப்போதுதான் திறந்து வைத்திருந்த கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. அதில் அவருடைய மேலதிகாரியின் முகம் இருந்ததாம்.

ஃபியூஸ் போட்டு, மெஷினைக் குளிர வைத்து, மூன்றாம் தடவையாக ஆரம்பித்தாள்.

நான்காவது அழைப்பை எடுக்க பால்கனிக்குப் போனாள்.

“சார், பாதி கேஸ்தான் எடுத்திருக்கேன். இன்னும் அரை மணி நேரம்...”

“பாதி எடுத்தது போதும்மா. மிச்சத்தை ஜன்னல் பக்கமா புஸ்ஸுன்னு விட்டுட்டு, புதுசா அடைச்சுட்டுக் கிளம்பு. யார் பார்க்கப் போறாங்க?”

“அது தப்பில்லையா சார்?”

“மூணாவது புகார் வந்தா மட்டும் சரியா?”

அவள் உள்ளே வந்து ஃப்ரிட்ஜின் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். குழாயின் முனையைக் கழற்றுவதற்கு ஒரு திருகு போதும். ஒரு நிமிடம்கூட ஆகாது. விரல் அதன் மேலேயே இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜன்னலில்லாத ஒரு கடை அறையில் மூத்த மெக்கானிக் ஒருவர் இப்படித்தான் யார் பார்க்கப் போகிறார்கள் என்று திறந்துவிட்டார். ஐந்து நிமிடம் கழித்துத் தள்ளாடிக்கொண்டே வெளியே வந்து, ஒரு சுவரிடம் மிக மரியாதையாக மணி என்ன என்று கேட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோதுதான், இன்னும் ஐந்து நிமிடம் அவர் உள்ளேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உறைத்தது. கேஸுக்கு நிறமில்லை, வாசனையில்லை. காற்று இருந்த இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே போனாலும் ஒழிந்துபோவதில்லை. வானத்தில் போய்ப் போர்வை மாதிரி படிந்து, வெயிலை இன்னும் வெயிலாக்கும். வெயில் ஏறினால் ஜனங்கள் ஃப்ரிட்ஜை இன்னும் அதிகமாகக் குளிர வைப்பார்கள். யாராவது ஒரு இடத்தில் இந்தச் சுற்றை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அது ஒரு சமையலறை மூலையாக இருந்தால் என்ன?

விரலை எடுத்துக்கொண்டாள்.

“ஐயா, எவ்வளவு இருக்கு?”

“அறுபத்தஞ்சும்மா. நான் தொடல.”

ஐந்தாவது அழைப்பு, கேஜின் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி அசையாமல் நின்றபோது வந்தது. சூப்பர்வைசர் கோபமாகக்கூட இல்லை. வருத்தத்தோடு பேசினார். கஸ்டமர் இனிமேல் இந்தக் கம்பெனியே வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். மூன்றாவது புகாரை எழுதிவிட்டாராம். சாயங்காலம் பையைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிடச் சொன்னார். நாற்காலி தயாராக இருக்கிறது என்றார்.

“சரி சார்” என்று போனை வைத்தாள்.

போனைப் பையின் அடியில் போட்டு மூடினாள். போக வேண்டியதெல்லாம் போய்விட்டது, இனி யாருக்காகவும் ஓட வேண்டாம். இது கடைசி ஃப்ரிட்ஜ். கடைசி ஃப்ரிட்ஜையாவது தன் இஷ்டத்துக்குச் செய்துவிட்டுப் போகலாம்.

எடுத்த கேஸ் எவ்வளவு என்று எழுதினாள். சிலிண்டரை மூடி, எந்த வகைக் கேஸ் என்று சீட்டு ஒட்டி, ஓரமாக நிமிர்த்தி வைத்தாள். வால்வின் உள்பாகத்தை மாற்றினாள். காற்றழுத்தம் கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு குமிழிகூட வராததைப் பெரியவருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் காட்டினாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். பம்பைப் போட்டு உள்ளே இருந்த ஈரத்தையெல்லாம் இழுத்து, முள் ஏறுகிறதா என்று கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து காத்திருந்தாள். வீட்டுக்காரர்கூடக் கம்ப்யூட்டரை மூடிவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். முள் அசையவில்லை. பையிலிருந்த புதுக் கேஸை எடை போட்டு, சீட்டில் எழுதியிருந்த கிராம் கணக்குக்கு அடைத்தாள். வால்வுக்கு மூடி போட்டு இறுக்கினாள்.

கம்ப்ரஸர் பூனை மாதிரி உறுமியது. வீட்டுக்காரம்மா ஃப்ரீஸருக்குள் கையை விட்டாள், எடுத்தாள், மறுபடியும் விட்டாள்.

“ரெண்டு வருஷத்துல இப்படி ஒரு குளிர் வந்ததே இல்ல” என்றாள்.

பெரியவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பதினோரு நிமிடத்தில் முடித்தவன் போன பிறகு, தனக்கு இரண்டு நாள் தலை சுற்றிக்கொண்டே இருந்ததாகவும், வயதாகிவிட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை என்றும் மெதுவாகச் சொன்னார். அன்றைக்குச் சமையலறை ஜன்னல் மூடியிருந்ததாம்.

வேலை முடிந்த சீட்டில் கையெழுத்து வாங்கினாள். வீட்டுக்காரர் கையெழுத்தோடு விடாமல், கீழே இருந்த காலி இடத்தில் ‘மிக மிகச் சிறந்த சேவை’ என்று எழுதி, ‘மிக’வின் கீழே கோடும் போட்டார். பின்னால் குத்திவிட்டு முன்னால் மருந்து போடுகிறார்கள். இனி இழக்க ஒன்றுமில்லாத தைரியத்தில், வாழ்நாளில் எந்த வாடிக்கையாளரிடமும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

“எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதுங்க. காலையில இருந்து எங்க ஆபீசுக்கு போன் பண்ணிப் புகார் சொல்லிக்கிட்டே இருந்தது உங்கள்ல யாரு?”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“புகாரா? நாங்க எதுக்கும்மா புகார் சொல்லப் போறோம்?” என்றாள் வீட்டுக்காரம்மா. “உங்க ஆபீஸ் நம்பரே எனக்குத் தெரியாது. அவர்தானே உங்களை வரச் சொல்லி போன் பண்ணினார்.”

வீட்டுக்காரர் பனியனின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். காலையில் வாங்கிக்கொண்ட மாலை மெல்ல மெல்ல வாடியது.

“நானா? நீ பண்ணியிருப்பேன்னுல்ல நான் நினைச்சேன்.”

“நான் பண்ணலையே. அப்போ ‘சொன்னா செய்வேன்ல’ன்னு சொன்னது?”

“நீ பாராட்டுற நேரத்துல குறுக்கே பேச வேணாம்னு...”

இரண்டு பேரும் பெரியவர் பக்கம் திரும்பினார்கள். அவர் இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்துக்கொண்டு, தான் எதையும் தொடவில்லை என்றார்.

அந்த நேரத்தில், காலையிலிருந்து திறந்தே கிடந்த வாசல் கதவு வழியாக, கையில் ஒரு பாத்திரமும் வியர்த்த முகமுமாக ஒரு பெண்மணி உள்ளே வந்தாள். மேல் மாடி வீட்டுக்காரம்மா. குளிர்ந்து நிற்கிற ஃப்ரிட்ஜையும், துடைத்து அடுக்கிய கருவிகளையும், கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“காலையில இருந்து கீழ ரெண்டாவது மாடியில மெஷின் ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, வேலைன்னா இதுல்ல வேலை, மூணாவது மாடி, இடது பக்கம்னு தெளிவா சொல்லியும் எனக்கு ஒருத்தரும் வரல, அஞ்சு தடவை போன் பண்ணிட்டு அந்தக் கம்பெனியே வேண்டாம்னு சொல்லிட்டேன். ஏம்மா, எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல, அப்படியே மேல எங்க வீட்டு ஃப்ரிட்ஜையும் பார்த்துட்டுப் போ, உன்னைத்தான் அனுப்பணும்னு உங்க ஆபீசுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன், ஆமா, நீ எந்தக் கம்பெனி?”